அள்ள அள்ளக் கொட்டுகிறார்கள்: என்ன செய்வது?

கேள்வி: எங்கள் தெருக்கோடியில் ஒரு காலிமனை இருக்கிறது. ஒரு வருடமாக ராத்திரியில் யாரோ வண்டியில் வந்து கட்டட இடிபாடு, பழைய மெத்தை, டயர் எல்லாவற்றையும் அங்கே தட்டிவிட்டுப் போகிறார்கள். அதைப் பார்த்து அக்கம்பக்கத்தாரும் வீட்டுக் குப்பையைப் பையில் கட்டி அங்கேயே வீசுகிறார்கள். மூன்று தடவை புகார் கொடுத்தோம். வந்து அள்ளினார்கள், பத்தே நாளில் மறுபடி குவிந்துவிட்டது. ‘இங்கே குப்பை கொட்டாதீர்’ என்று பலகை வைத்தோம், அதன் காலடியிலேயே கொட்டுகிறார்கள். கேமரா வைக்கலாமா? வண்டியை மறித்துக் கேட்கலாமா? கொளுத்திவிடலாம் என்கிறார் ஒருவர். பெயர் போட்டுப் புகார் கொடுக்கவும் பயமாக இருக்கிறது.

பதில்:

கொளுத்துவதை மட்டும் செய்யவே செய்யாதீர்கள். இடிபாடு எரியாது, மற்றதெல்லாம் விஷமாகும். மெத்தையின் நுரை எரிந்தால் கார்பன் மோனாக்சைடும் ஹைட்ரஜன் சயனைடும் கிளம்பும். பிவிசி குழாயும் ஒயரும் எரிந்தால் அமிலப் புகையும் டயாக்சின் என்ற கொடிய நச்சும் வரும். குவியலுக்குள் ஒரு ஸ்ப்ரே டப்பாவோ சிறிய சிலிண்டரோ புதைந்திருந்தால் வெடிக்கும். டயர் ஒரு தடவை உள்ளுக்குள் பற்றிக்கொண்டால் தண்ணீர் அடித்து அணைப்பது மிகக் கடினம். 1990-இல் கனடாவின் ஹேகர்ஸ்வில்லில் டயர்க் கிடங்கு ஒன்று 17 நாள் எரிந்தது. உங்கள் மனையில் கிடப்பது நாலு டயராக இருக்கலாம், ஆனால் அதன் புகை நேராக உங்கள் வீட்டு ஜன்னலுக்குத்தான் வரும். போதாததற்கு, கொட்டியவரைக் காட்டிக்கொடுக்கக்கூடிய தடயமெல்லாம் சாம்பலாகிவிடும்.

உங்கள் மூன்று புகார்களும் வீண் போகவில்லை. கேட்டது கிடைத்திருக்கிறது, கேட்ட விதத்தில்தான் கோளாறு. ‘குப்பை கிடக்கிறது, அகற்றுங்கள்’ என்று எழுதினால் துப்புரவுப் பிரிவுக்குப் போகும். அவர்கள் அள்ளிவிட்டு, ‘நடவடிக்கை எடுக்கப்பட்டது’ என்று குறித்துப் புகாரை முடித்துவிடுவார்கள். கொட்டியது யார் என்று அந்தக் கோப்பைத் திறந்து பார்க்கும் வேலை யாருக்கும் இல்லை. ஆகவே இனி ஒவ்வொரு சம்பவத்துக்கும் இரண்டு தனித்தனிப் புகார் கொடுங்கள்: ஒன்று அகற்றக் கோரி, இன்னொன்று சட்டவிரோதமாகக் கொட்டியதை விசாரிக்கக் கோரி. இரண்டுக்கும் தனித்தனி எண் வாங்குங்கள். குவியல் போனாலும் இரண்டாவது கோப்பு உயிரோடு இருக்கும். பத்து நாள் கழித்து மறுபடி கொட்டும்போது, பழைய எண்ணைக் குறிப்பிட்டு ‘இது இத்தனையாவது சம்பவம்’ என்று எழுதலாம். திரும்பத் திரும்ப நடப்பதை எண்ணோடு காட்டும் புகாருக்கு அலுவலகத்தில் எடை அதிகம்.

விசாரணைக்கு உதவும்படி எழுத, முதலில் குவியலைப் படிக்கத் தெரியவேண்டும். காலையில் போய்ப் பாருங்கள். வண்டியிலிருந்து தட்டிய லோடு ஒரே மேடாக நிற்கும். வண்டியை மெல்ல முன்னால் நகர்த்திக்கொண்டே தட்டியிருந்தால், சாலைப் பக்கமாக நாக்கு நீட்டியதுபோல ஒரு வால் இருக்கும். மண் ஈரமாக இருந்தால் பின்சக்கரத் தடத்தைக் கவனியுங்கள்: பக்கத்துக்கு இரண்டு இரண்டாக இருந்தால் லாரி, ஒற்றையாக இருந்தால் சின்ன லோடு வண்டி. நடந்து வந்து வீசிய பைகள் ஓரத்தோடு, கை வீசும் தூரத்துக்குள், ஒன்றிரண்டாகச் சிதறிக் கிடக்கும். இந்த இரண்டும் வேறு ஆட்கள், வேறு காரணங்கள். தீர்வும் வேறுதான். உடைந்த தரை ஓடும் சுவர்ப் பூச்சும் சிமென்ட் பையும் இருந்தால், பக்கத்தில் எங்கோ வீடு புதுப்பிக்கும் வேலை நடக்கிறது. மெத்தையும் அலமாரியும் வீடு காலி செய்தவர்களுடையவை. டயர் பெரும்பாலும் பட்டறையிலிருந்து வரும்.

இரண்டு வாரம் ஒரு நோட்டில் எழுதுங்கள். காலை ஒரு தடவை, இருட்டும் முன் ஒரு தடவை, ஒரே இடத்தில் நின்று ஒரு படம். எடுத்த நேரம், புதிதாக வந்தது என்ன, அவ்வளவு போதும். மாலை 6 மணிப் படத்தில் இல்லாதது மறுநாள் காலை 6 மணிப் படத்தில் இருந்தால், நடந்தது அந்தப் 12 மணி நேரத்துக்குள் என்று நிரூபணமாகிவிட்டது. பதினான்கு நாளில் பெரும்பாலும் ஒரு ஒழுங்கு தெரியும்: வார இறுதி, மழை நாள், குறிப்பிட்ட ஒரு கட்டட வேலை நடக்கும் நாட்கள். ரோந்து வரும் அலுவலருக்கு ‘எப்போதும் கொட்டுகிறார்கள்’ என்பதைவிட ‘சனி, ஞாயிறு இரவுகளில்’ என்பது எவ்வளவோ பயன்படும்.

புகாருக்கான படங்கள் மூன்று தூரத்தில் வேண்டும். தூரத்திலிருந்து ஒன்று, மின்கம்ப எண்ணோ தெருப்பெயர்ப் பலகையோ சேர்ந்து தெரியும்படி. நடுத்தூரத்தில் ஒன்று, அளவு புரியும்படி பக்கத்தில் ஒரு சைக்கிளோ அளவுகோலோ இருக்க. கிட்டத்தில் ஒன்று, என்ன பொருள் என்று தெரிய. போனில் இருப்பிடத்தை இயக்கிவைத்து எடுங்கள். வெட்டவோ அதன்மேல் எழுதவோ வேண்டாம். இங்கேதான் பலர் தவறுகிறார்கள்: செய்திச் செயலிகளில் படமாக அனுப்பினால் படம் சுருங்கும், அதற்குள் பதிந்திருக்கும் தேதியும் இடமும் பெரும்பாலும் அழிந்துபோகும். கோப்பாக இணைத்தோ மின்னஞ்சலிலோ அனுப்புங்கள், மூலப்படத்தை அழிக்காதீர்கள். வரைபடச் செயலி காட்டும் ஆயத்தொலை எண்களில் (அட்சரேகை, தீர்க்கரேகை) புள்ளிக்குப் பிறகு ஐந்து இலக்கம் எழுதினால், ஏறக்குறைய ஒரு மீட்டர் துல்லியத்துக்கு இடத்தைக் குறிக்கலாம். போன் தரும் இருப்பிடமே நாலைந்து மீட்டர் தள்ளிக் காட்டும் என்பதால் அதற்குமேல் இலக்கம் தேவையில்லை.

அளவையும் எழுதுங்கள், அதில் ஒரு சூட்சுமம் இருக்கிறது. மேடாக நிற்கும் குவியலுக்கு நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கி நாலால் வகுத்தால் கன அளவு தோராயமாக வரும். 3 மீட்டர் நீளம், 3 மீட்டர் அகலம், 1 மீட்டர் உயரம் என்றால் சுமார் 2.25 கன மீட்டர். உதிரி இடிபாடு கன மீட்டருக்கு 1.2 முதல் 1.5 டன் வரை இருக்கும், ஆக ஏறக்குறைய 3 டன். இதை எழுதாவிட்டால் இரண்டு பேர் கூடையோடு வருவார்கள். மேலே கிடக்கும் பிளாஸ்டிக்கையும் பைகளையும் எடுத்துக்கொண்டு போவார்கள், இடிபாடு அப்படியே கிடக்கும். கிடக்கிற மிச்சமே அடுத்த வண்டிக்கு அழைப்பு. ‘சுமார் 3 டன், இயந்திரம் தேவை’ என்று முதல் வரியிலேயே எழுதுங்கள்.

கிளறாதீர்கள். பெயர், முகவரி உள்ள கடிதமோ பில்லோ கண்ணில் பட்டால், இருக்கும் இடத்திலேயே படம் எடுத்து ‘அடையாளம் காட்டக்கூடிய காகிதம் உள்ளது’ என்று எழுதுங்கள். எடுப்பது அலுவலரின் வேலை. நீங்கள் எடுத்து வீட்டில் வைத்துக் கொடுத்தால், அது அந்தக் குவியலில் இருந்ததுதானா என்ற கேள்வி எழும். தவிர, அந்தப் பெயருக்கு உரியவர்தான் கொட்டினார் என்றும் சொல்லிவிட முடியாது. பணம் வாங்கிக்கொண்டு அள்ளிப்போன யாரோ ஒருவர் பாதிவழியில் இங்கே தட்டியிருக்கலாம். அவர் வீட்டு வாசலில் போய்ச் சண்டை போட்டால் ஒரு நல்ல சாட்சியை இழப்பீர்கள்.

சில பொருட்களுக்குக் கிட்டவே போகக்கூடாது: பெயர் இல்லாத டிரம், எண்ணெய் அல்லது மருந்து நெடி வீசும் மண், ஊசி, சிரிஞ்சு, பேட்டரி, உடைந்த டியூப்லைட், சாம்பல் நிறத்தில் நெளிநெளியாக இருக்கும் பழைய கூரைத் தகடு. அந்தத் தகட்டில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம். உடைத்தாலோ உலர்ந்த நிலையில் பெருக்கினாலோ கண்ணுக்குத் தெரியாத நார் காற்றில் கலந்து நுரையீரலில் தங்கும். இவற்றைக் கண்டால் காற்று வீசி வரும் பக்கமாக விலகி நின்று, தூரத்திலிருந்து படம் எடுத்து, புகாரில் தனி வரியாக எழுதுங்கள். டிரம் ஒழுகினாலோ சிலிண்டர் தெரிந்தாலோ முதல் அழைப்பு தீயணைப்புத் துறைக்கு.

டயரைப் பற்றியும் சொல்லவேண்டும். உள்ளே தேங்கும் இரண்டு கை தண்ணீர் போதும், டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு ஏழு முதல் பத்து நாளில் முட்டையிலிருந்து பறக்கும் கொசுவாகிவிடும். தண்ணீரைக் கொட்டினாலும் வேலை முடியாது. முட்டை டயரின் உட்சுவரில் ஒட்டிக்கொண்டு மாதக்கணக்கில் காய்ந்து கிடந்து, அடுத்த மழையில் பொரியும். டயர் இருக்கிறது என்றால் சுகாதாரப் பிரிவுக்கும் ஒரு நகல் அனுப்புங்கள். அவர்கள் பல நேரம் துப்புரவுப் பிரிவைவிட விரைவாக வருவார்கள்.

யாரிடம் புகார் செய்வது என்பது நிலம் யாருடையது என்பதைப் பொறுத்தது. சாலையோரமும் பொது இடமும் உள்ளாட்சி அமைப்பின் பொறுப்பு. தனியார் மனை என்றால், சுத்தமாக வைத்திருக்கும் கடமை பெரும்பாலும் மனைக்காரருக்கே. உள்ளாட்சி அவருக்கு நோட்டீஸ் கொடுக்கலாம். கால்வாய், நெடுஞ்சாலை, ரயில்பாதை ஓரம் என்றால் அந்தந்தத் துறை. ரசாயனம் என்றால் மாசுக் கட்டுப்பாட்டுத் துறை. தவறான மேசைக்குப் போன புகார் ‘எங்கள் எல்லையில் இல்லை’ என்று மூடப்படும், அந்தப் பதில் வரவே வாரங்கள் ஆகலாம். உங்களுடையது காலிமனை என்பதால் உரிமையாளர் யார் என்று உள்ளாட்சி அலுவலகத்தில் விசாரியுங்கள். வெளியூரில் இருக்கும் மனைக்காரருக்குப் பல நேரம் விஷயமே தெரியாது. தெரிந்தால் வேலிக்குச் செலவு செய்ய முன்வருபவர்கள் உண்டு, குப்பைமேடாகக் கிடக்கும் மனையை விற்க முடியாது என்று அவருக்கும் தெரியும்.

விசாரணைப் புகார் இவ்வளவு நீளம் போதும்:

‘(தேதி) மாலை 6.10-க்கும் மறுநாள் காலை 6.05-க்கும் இடையே, (தெரு), மின்கம்பம் எண் (—) எதிரே உள்ள காலிமனையில் சுமார் 2 கன மீட்டர் கட்டட இடிபாடும் 4 டயர்களும் வாகனத்தில் கொண்டுவந்து கொட்டப்பட்டுள்ளன. லாரியின் இரட்டைப் பின்சக்கரத் தடம் உள்ளது. கடந்த 60 நாளில் இது ஐந்தாவது சம்பவம், முந்தைய புகார் எண்கள்: (—). அடையாளம் காட்டும் காகிதங்கள் குவியலில் உள்ளன, தொடப்படவில்லை. அகற்றும் முன் ஆய்வு செய்து, கொட்டியவர்மீது நடவடிக்கை எடுக்கவும், எடுத்த நடவடிக்கையை எழுத்தில் தெரிவிக்கவும் கோருகிறோம். படங்கள் 6, இருப்பிடக் குறிப்பு இணைப்பு.’

‘அகற்றும் முன் ஆய்வு செய்து’ என்ற நான்கு சொல்லை விட்டுவிடாதீர்கள். அள்ளிய பிறகு ஆய்வு செய்ய ஒன்றும் இருக்காது. தொலைபேசியில் சொன்னாலும் அன்றே எழுத்தில் அனுப்பி, எண் கேட்டு வாங்குங்கள். வேலை நடக்காமலே ‘முடிந்தது’ என்று செய்தி வந்தால், அதே நாளில் படம் எடுத்து அதே எண்ணில் மறுப்புத் தெரிவியுங்கள். ஒரு வாரம் கழித்து எடுத்த படத்தைக் காட்டினால், ‘நாங்கள் அள்ளினோம், பிறகு யாரோ கொட்டியிருக்கிறார்கள்’ என்று பதில் வரும், அதை மறுக்க உங்களிடம் ஒன்றும் இருக்காது.

வண்டியை மறிக்காதீர்கள். லோடு தட்ட வந்தவர் அவசரத்தில் இருப்பார், ஒன்றுக்கு இரண்டு பேராக இருப்பார், கையில் மண்வெட்டி இருக்கும். கண்ணெதிரே நடந்தால் உள்ளே இருந்தபடியே காவல்துறையை அழையுங்கள். பதிவு எண், வண்டியின் வகை, நிறம், பக்கவாட்டில் எழுதியிருப்பது, எத்தனை பேர், எந்தத் திசையில் போனது, மணி என்ன என்பதை அப்போதே எழுதிவிடுங்கள். காலையில் எழுதலாம் என்றால் 8-ம் 3-ம் இடம் மாறிவிடும். இரண்டு பேர் பார்த்திருந்தால் பேசிக்கொள்ளாமல் தனித்தனியாக எழுதுங்கள். இரண்டு குறிப்பும் ஒத்துப்போனால் நல்ல பலம். வண்டி எண்ணையும் ஆள் முகத்தையும் தெருக் குழுவில் போட்டுப் பரப்ப வேண்டாம். ஆள் மாறிப்போனால் வழக்கு உங்கள்மேல் திரும்பும், ஆள் சரியாக இருந்தால் அவர் உஷாராகிவிடுவார்.

கேமரா வைக்கலாம், ஆனால் வைக்கிற பலரும் குவியலைப் பார்த்து வைக்கிறார்கள். இருட்டில் ஒரு உருவம் மூட்டையைத் தள்ளுவது தெரியும், யார் என்று தெரியாது. கேமரா பார்க்கவேண்டியது வண்டி வெளியேறும் வழியில் அதன் பின்பக்க நம்பர் பிளேட்டை. வீட்டு வாசலுக்குப் பொருத்தும் 2.8 மில்லிமீட்டர் லென்ஸ் அகலமாகப் பார்க்கும். 15 மீட்டர் தள்ளிப் போகும் வண்டியின் அரை மீட்டர் பிளேட், முழு எச்டி படத்தில்கூட 25 புள்ளி (பிக்சல்) அகலம்தான் இருக்கும். எழுத்தைப் படிக்க ஏறக்குறைய 100 புள்ளியாவது வேண்டும். அதே தூரத்துக்கு 12 மில்லிமீட்டர் லென்ஸ் போட்டால் அது கிடைக்கும். இரவில் அகச்சிவப்பு வெளிச்சம் பிளேட்டில் பட்டுத் திரும்பி வெள்ளைத் திட்டாகத் தெரிந்தால், வெளிச்சத்தின் அளவையும் ஷட்டர் நேரத்தையும் குறைக்கவேண்டும். உங்கள் சொந்த வண்டியை ராத்திரி ஓட்டிப் பார்த்து, எண் படிக்க முடிகிறதா என்று சோதித்த பிறகே நம்புங்கள். ரெக்கார்டரின் கடிகாரம் எத்தனை நிமிடம் முன்பின் என்று குறித்துவையுங்கள். பழைய பதிவின்மேல் புதியது எழுதப்படும் என்பதால் சம்பவம் நடந்த அன்றே தனியாக எடுத்துவிடுங்கள். எதிர்வீட்டு வாசலும் ஜன்னலும் படத்தில் விழக்கூடாது. பொது இடத்தைப் பார்த்து வைக்கும் முன் உள்ளாட்சியிடம் அனுமதி கேளுங்கள்.

இனி, நான் மிக முக்கியமாக நினைப்பது: சுத்தம் செய்த நாளிலேயே வண்டி நுழையும் வழியை அடைக்கவேண்டும். அள்ளிவிட்டு, தடுப்பைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடுவதால்தான் பத்தாம் நாள் குவியல் திரும்புகிறது. இயந்திரம் வரும் தேதி தெரிந்ததும், மனைக்காரரின் எழுத்துப்பூர்வ சம்மதத்தோடு கல்லையும் ஆளையும் அதே தேதிக்குச் சொல்லிவையுங்கள். 70 சென்டிமீட்டர் குறுக்களவுள்ள கருங்கல் ஏறக்குறைய அரை டன் எடை. மூன்றில் ஒரு பங்கு மண்ணுக்குள் போகும்படி பதித்தால் ஆட்கள் சேர்ந்தாலும் உருட்டுவது கடினம். இரண்டு கல்லுக்கு நடுவே 90 சென்டிமீட்டர் முதல் 1.1 மீட்டர் விடுங்கள்: சக்கர நாற்காலி போகும், லோடு வண்டி போகாது. மழைநீர் ஓடும் வாய்க்காலை அடைத்துவிடாதீர்கள். உள்ளே வண்டி போயே ஆகவேண்டும் என்றால் ஓரிடத்தில் கழற்றக்கூடிய கம்பம் நட்டுப் பூட்டுப் போட்டு, ஒரு சாவியைத் தீயணைப்பு நிலையத்தில் கொடுத்துவையுங்கள். வேலி போட்டால் கம்பிவலை வேலி போடுங்கள். தகர வேலி உள்ளே நடப்பதை மறைத்து, கொட்டுபவருக்குத் திரையாகிவிடும். புதர்களை முழங்கால், இடுப்பு உயரத்துக்குக் குறைத்து, மரக்கிளைகளை இரண்டு மீட்டருக்குக் கீழே இல்லாமல் கழித்துவிடுங்கள். விளக்கு, பார்க்க ஆள் இருக்கும் இடத்தில்தான் பலன் தரும். ஆள் நடமாட்டமே இல்லாத மூலையில் நிலையாக எரியும் விளக்கு கொட்டுபவருக்கே வசதி, அங்கே அசைவு கண்டு எரியும் விளக்கு மேல்.

ஒரு மூலையில்கூட மிச்சம் வைக்காமல் மண் தெரியும்வரை சுத்தம் செய்யச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. 2008-இல் வெளியான ஆய்வு ஒன்றில், நெதர்லாந்தின் குரோனிங்கன் நகரில் சைக்கிள்களின் கைப்பிடியில் விளம்பரத் தாளைக் கட்டிவைத்துப் பார்த்தார்கள். எதிரே சுவர் சுத்தமாக இருந்தபோது தாளைக் கீழே போட்டவர்கள் 33 சதவீதம். அதே சுவரில் கிறுக்கியிருந்தபோது 69 சதவீதம். சுவரில் கிறுக்கலுக்கே இப்படி என்றால், கண்ணெதிரே கிடக்கும் மெத்தைக்கு எப்படி என்று யோசியுங்கள். உங்கள் பலகை தோற்றதும் இதனால்தான். குப்பைக்கு நடுவே நிற்கும் ‘கொட்டாதீர்’ பலகை, ‘எல்லோரும் இங்கேதான் கொட்டுகிறார்கள்’ என்றே படிக்கப்படும். இடம் சுத்தமான பிறகு வையுங்கள். இங்கே கொட்டுவது குற்றம், பார்த்தால் அழைக்கவேண்டிய எண் இது, இடிபாட்டைக் கொண்டுபோக வேண்டிய இடம் இது என்று மூன்று வரி எழுதுங்கள். மூன்றாவது வரியை அநேகமாக யாரும் எழுதுவதில்லை.

பை வீசும் அக்கம்பக்கத்தாரிடம் சண்டை வேண்டாம். குப்பை வண்டி எத்தனை மணிக்கு வருகிறது, அந்த நேரத்தில் யார் வீட்டில் இருப்பதில்லை என்று கேளுங்கள். காலை 7 மணிக்கே வேலைக்குக் கிளம்புபவர், 9 மணிக்கு வரும் வண்டிக்குப் பையை எப்படிக் கொடுப்பார்? வண்டியின் நேரத்தை மாற்றக் கேட்பதோ, பக்கத்து வீட்டுக்காரர் வாங்கிவைத்துக் கொடுப்பதோ பல பைகளை நிறுத்திவிடும். தெருவில் யாராவது வீட்டை இடித்துக் கட்டுகிறார்கள் என்றால், வேலை தொடங்கும் முன்பே இடிபாடு எங்கே போகிறது என்று கேளுங்கள். ஒப்பந்தக்காரருக்கான கடைசித் தவணையை, அனுமதி பெற்ற இடத்தில் இறக்கிய ரசீதைப் பார்த்த பிறகே கொடுக்கும்படி வீட்டுக்காரரிடம் சொல்லுங்கள். லோடு வழியில் காணாமல் போவதைத் தடுக்க இதைவிட எளிய வழி எனக்குத் தெரியவில்லை.

அடைத்த பிறகு சுற்றுவட்டாரத்தில் முந்நூறு மீட்டர் தூரத்துக்கு வேறு மூலைகளையும் பார்த்துவாருங்கள். வழி அடைபட்ட வண்டி வேறு சந்து தேடிப் போகும். அங்கே இருப்பவர்களுக்கு முன்கூட்டியே சொல்லி, உங்கள் நோட்டையும் காட்டுங்கள்.

பெயர் விஷயம்: பெயரில்லாத புகாரால் குப்பை அகலலாம். ஆனால் ஒருவர்மீது நடவடிக்கை எடுக்க, ‘நான் பார்த்தேன்’ என்று சொல்ல ஒரு ஆள் வேண்டும், அங்கே பெயரில்லாப் புகார் நின்றுவிடும். அகற்றக் கோரும் புகாரைக் குடியிருப்போர் சங்கத்தின் பெயரில் கொடுங்கள். விசாரணைப் புகாரில், ‘எங்கள் விவரத்தை எதிர்த்தரப்புக்குத் தெரிவிக்க வேண்டாம்’ என்று மேலேயே எழுதி, பத்துப் பதினைந்து வீட்டுக்காரர்கள் சேர்ந்து கையெழுத்திடுங்கள். தொடர்புக்கு ஒரே ஒரு எண், அதுவும் தனியாக வசிப்பவருடையதாக இல்லாமல், சங்கத்தின் எண்ணாக இருக்கட்டும். மிரட்டல் எந்த வடிவில் வந்தாலும் நாளும் நேரமும் குறித்து, அதே புகார் எண்ணைக் காட்டிக் காவல்நிலையத்தில் எழுத்தில் கொடுத்துவிடுங்கள்.